பாபா யாகாவைத் தெய்வமாக்காதீர்கள்: ஸ்லாவியக் கதைகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் மலிவு விலைக்குக் கிடைத்த தமிழ் நூல்கள் வழியாகத்தான் நம்மில் பலருக்கு ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள் அறிமுகமாயின. கோழிக்கால் குடிசை, அதில் வாழும் காட்டுச் சூனியக்காரி பாபா யாகா, தந்திரக்கார நரி எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவை. இன்று அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சில தவறுகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டே போகின்றன. இந்தக் கதைகளில் பழைய நம்பிக்கையும் இருக்கிறது, பிள்ளைகளின் பயமும் இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிடும் இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம்.

பாபா யாகாவைத் தெய்வமாக்குவது

“பாபா யாகா, கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஸ்லாவியர்களின் தாய்த்தெய்வம்” என்று அடித்துச் சொல்லும் பதிவுகள் ஏராளம். ஆதாரத்தைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. 980இல் இளவரசர் விளாதிமிர் கீவ் நகர மேட்டில் நிறுத்திய தெய்வங்களின் பெயர்களைப் பழைய வரலாற்றுக் குறிப்பேடு வரிசையாகத் தருகிறது: பெரூன், ஹோர்ஸ், தாஜ்போக், ஸ்திரிபோக், சிமார்கல், மோகோஷ். அதில் யாகா இல்லை. அவளைப் பற்றிய தெளிவான முதல் எழுத்துக் குறிப்பே 1755ஐச் சேர்ந்தது. ரஷ்ய அறிஞர் லமனோசவின் ரஷ்ய இலக்கணத்தில் வருகிறது.

பிறகு இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? 1855 முதல் 1863 வரை ஏறத்தாழ 600 ரஷ்யக் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட அலெக்சாந்தர் அஃபனாசியேவ், கதைகளுக்குள் இடி, மேகம், சூரியன் என்று இயற்கையை வணங்கிய காலத்தின் எச்சங்களைக் கண்டார். 1946இல் நாட்டுப்புறக் கதை ஆய்வாளர் விளாதிமிர் பிராப் வேறு வழியில் போனார். யாகாவின் எலும்புக்கால், குடிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு அவள் படுத்திருப்பது, கூரையைத் தொடும் மூக்கு ஆகியவற்றைப் பார்த்து, இவள் இறந்தவர் உலகின் வாசலைக் காப்பவள் என்றார்; சிறுவரைக் காட்டுக்கு அனுப்பிப் பெரியவராக்கும் சடங்கின் நினைவும் இதில் உண்டு என்றார். எனக்கு பிராப் சொல்வது பெரிதும் பிடிக்கும். சவப்பெட்டிக்குள் கிடக்கும் உடலைப் போலத்தான் அவள் கிடக்கிறாள். ஆனாலும் அது ஓர் ஆய்வாளரின் கருதுகோள். அதை “ஸ்லாவியர்கள் நம்பினார்கள்” என்று எழுதும்போது நாமே ஒரு புது மதத்தை உண்டாக்குகிறோம்.

இதோடு ஒட்டிவரும் இன்னொன்று, ரஷ்யக் கதையையே ஸ்லாவியக் கதை முழுவதுமாக எண்ணுவது. செக், ஸ்லோவாக் கதைகளில் அவள் யெஜிபாபா. பல்கேரியாவிலும் மாசிடோனியாவிலும் தந்திரக்காரன் பெயர் ஹிதர் பேத்தர். நஸ்ருத்தீன் ஹோஜாவோடு மோதி அவரையே மடக்குபவன். எந்த மக்களின் கதை என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீரும்.

அடுப்பை வெறும் குறியீடாக்குவது

உக்ரேனியக் கதை ஒன்றைப் பார்ப்போம். பிள்ளை இல்லாத கிழவனும் கிழவியும் ஒரு மரக்கட்டையைத் தொட்டிலில் போட்டு ஆட்ட, அது இவாசிக்-தெலேசிக் என்ற பையனாகிறது. அவன் ஆற்றில் படகு விட்டு மீன் பிடிக்கிறான். அம்மா கரையில் நின்று பாட்டாகக் கூப்பிட்டால் மட்டும் வருவான். பெண் பாம்பு ஒன்று அதைக் கேட்டுவிட்டுத் தானும் கூப்பிடுகிறது. குரல் கட்டை, பையன் ஏமாறவில்லை. பாம்பு நேராகக் கொல்லனிடம் போய், “தெலேசிக்கின் அம்மாவுக்கு இருப்பது போல மெல்லிய குரல் ஒன்று அடித்துக் கொடு” என்கிறது. கொல்லன் அடித்துக் கொடுக்கிறான். அம்மா குரலில் பாம்பு கூப்பிட, பையன் கரைக்கு வந்துவிடுகிறான்.

பிள்ளையின் பயம் எவ்வளவு நுட்பமாகப் பிடிபட்டிருக்கிறது பாருங்கள். எதிரில் நிற்பது அம்மாதானா, அம்மா மாதிரி ஏதோ ஒன்றா? பாம்பின் மகள் ஒலேன்கா அடுப்பைச் சூடாக்கி, ரொட்டி தள்ளும் நீளக்கைப் பலகையில் அவனை உட்காரச் சொல்கிறாள். கையை வைக்கிறான், தலையை வைக்கிறான். “எனக்குத் தெரியவில்லை, நீயே உட்கார்ந்து காட்டு” என்கிறான். அவள் உட்கார்ந்ததும் ஒரே தள்ளு.

இங்கேதான் பலர், அடுப்பு என்றால் கருப்பை, பலகை என்றால் இன்னொன்று என்று விளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய நடப்பு ஒன்று இருக்கிறது. ரஷ்ய, உக்ரேனிய கிராமங்களில் மெலிந்து வாடும் குழந்தையை உண்மையாகவே அந்தப் பலகையில் வைத்து அடுப்புக்குள் காட்டும் வழக்கம் இருந்தது. சில ஊர்களில் குழந்தையின் மேல் ரை என்ற தானியத்தின் மாவைப் பிசைந்து பூசுவார்கள். அடுப்பு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மூன்று முறை உள்ளே, மூன்று முறை வெளியே. “என்ன சுடுகிறாய்?” என்று ஒருத்தி கேட்க, நோயைச் சுடுவதாக மற்றவள் பதில் சொல்வாள். சரியாக வேகாமல் பிறந்த பிள்ளையை மறுபடி வேகவைத்து எடுக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் கதை வேறாகத் தெரியும். காப்பாற்றுவதற்காகப் பிள்ளையை அடுப்பில் வைக்கும் கையும், தின்பதற்காக வைக்கும் கையும் ஒரே பலகையைத்தான் பிடித்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய ரஷ்யாவில் பிறந்த 100 குழந்தைகளில் 25க்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. கதை கேட்ட பிள்ளைக்குத் தம்பி தங்கை அப்படிப் போயிருக்கலாம். மாற்றாந்தாயும் அப்படித்தான்: பிரசவத்தில் அம்மா இறந்தால் அப்பா மறுமணம் செய்வது அன்றாடச் செய்தி. வசிலீசா கதையில் எட்டு வயது மகளுக்கு அம்மா சாகும்முன் ஒரு பொம்மை கொடுக்கிறாள்; அதற்குச் சாப்பாடு கொடுத்துத் துக்கத்தைச் சொன்னால் வழி காட்டும். மூதாதையருக்குப் படைக்கும் பழக்கத்தின் சாயல் இதில் இருக்கலாம். அம்மாவை இழந்த பெண் பொம்மையோடு பேசுவதும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

தந்திரக்காரனை நல்லவனாக்குவது

நரி செத்ததுபோல வழியில் கிடக்கிறது. கிழவன் அதைத் தூக்கி மீன் வண்டியில் போடுகிறான். நரி மீன்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிவிட்டுத் தானும் குதித்துவிடுகிறது. அப்புறம் பசியோடு வந்த ஓநாயிடம், பனித்துளைக்குள் வாலை விட்டால் மீன் மாட்டும் என்கிறது. வால் உறைந்துபோகிறது, தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஓநாயை அடித்து நொறுக்குகிறார்கள். கடைசியில் அடி வாங்கிய ஓநாய், அடி வாங்காத நரியை முதுகில் சுமந்து போகிறது. இதில் “அறிவே ஆயுதம்” என்ற நீதி எங்கே இருக்கிறது? பிள்ளைகள் சிரிப்பது பெரியவன் ஏமாறுவதைப் பார்த்து. அடுத்த கதையிலேயே உருண்டோடும் சின்னஞ்சிறு கொலபோக் ரொட்டியை அதே நரி விழுங்கிவிடும்.

ரஷ்ய வீட்டின் பெரிய அடுப்பின் மேல் படுத்துக் கிடக்கும் சோம்பேறி எமெல்யாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவன் யாரையும் ஏமாற்றுவதில்லை. பிடித்த மீனை விட்டுவிட்டதால் அதிர்ஷ்டம் தேடி வருகிறது. அவன் மூடன் வகை, தந்திரக்காரன் வகை அல்ல.

செர்பியாவின் ஏரோ முழுத் தந்திரக்காரன். செர்பிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த வூக் கராஜிச் பதிவு செய்த கதையில் சோளக்கொல்லையில் இளைப்பாறும் துருக்கியப் பெண்ணிடம், “நான் மறு உலகத்திலிருந்து வருகிறேன்” என்கிறான். சில மாதங்களுக்கு முன் இறந்த தன் வீட்டு முயோ என்பவனைப் பற்றி அவள் கேட்கிறாள். “பக்கத்து வீடுதான். நலமாக இருக்கிறான். புகையிலைக்கும் காப்பிக்கும்தான் காசில்லை.” அவள் பணத்தைக் கொடுத்தனுப்புகிறாள். புருஷன் குதிரையில் துரத்துகிறான். ஏரோ ஆலைக்காரனோடு தொப்பியை மாற்றி, குதிரையையும் கொண்டுபோய்விடுகிறான். நடந்து வீடு திரும்பிய புருஷன் மனைவியிடம் சொல்கிறான்: “நீ காசு அனுப்பினாய், அவன் நடக்கக் கூடாதென்று நான் குதிரையை அனுப்பினேன்.”

அந்தப் பெண்ணை முட்டாள் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். செர்பிய ஊர்களில் இறந்தவர் நாட்களில் கல்லறையில் சாப்பாடு வைப்பது வழக்கம். போனவர்களுக்கும் தேவைகள் உண்டு என்று ஊரே நம்பும்போது, அவள் செய்தது துக்கத்தில் இருப்பவர் செய்வதுதான். ஏரோ அந்தத் துக்கத்தைத்தான் திருடுகிறான். சிரிப்பு அவன் பக்கம் இருந்தாலும், வலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

வீட்டில் சொல்லும்போது

அஃபனாசியேவ் பிள்ளைகளுக்கென்று தனிப் பதிப்பு கொண்டுவந்தது 1870இல்தான். முதல் தொகுப்பு பெரியவர்களும் கேட்ட கதைகள். ஆகவே வயது பார்த்து வெட்டுவதில் தப்பில்லை. ஆனால் எதை வெட்டுகிறோம் என்பது முக்கியம். அடுப்பையும் பாம்பையும் நீக்கிவிட்டால் தெலேசிக் வீடு திரும்பியதில் சந்தோஷமே இருக்காது.

வெட்டவே கூடாதவை தொடக்கமும் முடிவும். வீட்டுக்காவல் ஆவியான தொமொவோயைப் பற்றியோ காட்டு ஆவியைப் பற்றியோ பேசும்போது, இன்ன ஊரில் இன்னாருக்கு நடந்தது என்று நம்பித்தான் சொல்வார்கள். மாயக்கதை அப்படியில்லை. “ஏதோ ஒரு ராஜ்யத்தில்” என்று தொடங்கி, “நானும் அங்கே இருந்தேன், தேன்மது குடித்தேன், மீசையில் வழிந்தது, வாய்க்குள் போகவில்லை” என்று முடியும். நடந்ததல்ல, கட்டிய கதை என்று சொல்பவரே கேட்பவருக்குத் தரும் உறுதி அது. அந்த இடத்தில் “நீதி” என்று தலைப்புப் போட்டு ஒரு வரி எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மீசையில் வழிந்த தேன்மதுவையே சொல்லுங்கள்.