வேர்க்கடலையும் பாலும் ஆகாத பிள்ளைக்கு வடசென்னையில் நொறுக்குத்தீனி வாங்குவது எப்படி?

என் தங்கை மகனுக்கு வேர்க்கடலையும் பாலும் ஆகாது. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை அவனுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியதில் படிந்த வழக்கம் இது. மருத்துவர் ஒவ்வாமை என்று உறுதி செய்தவர்களுக்காக எழுதுகிறேன். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பது வேறு கதை.

படி 1: உறையைத் திருப்புங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி, கோதுமை போன்ற பசையத் தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, சல்பைட் என்னும் பதப்படுத்தும் பொருள் ஆகியவற்றை உறையில் தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டும். எள் இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் உண்டு. ஆகவே எள் ஆகாதவர்கள் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படித்தே தீர வேண்டும்.

‘உள்ளது’ என்றாலும் ‘இருக்கக்கூடும்’ என்றாலும் எனக்கு ஒன்றுதான். பாக்கெட் அலமாரிக்கே திரும்பிவிடும். பச்சைப் புள்ளியை நம்பிப் பயனில்லை, பால் சேர்ந்த பிஸ்கட்டிலும் அது இருக்கும். பால் என்று எழுதாமல் கேசீன் (casein), வே (whey) என்று பால் புரதத்தின் பெயரிலும் எழுதியிருப்பார்கள். பார்கோடு பார்த்துச் சொல்லும் செயலிகளை நான் தொடுவதில்லை. செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தால் போதும்.

படி 2: கேள்வியை மாற்றுங்கள்

சிக்கல் எல்லாம் உறையில்லாத பண்டத்தில்தான். “கடலை இருக்கிறதா?” என்று கேட்டால், “இருக்கிறது, எவ்வளவு வேண்டும்?” என்பார் கடைக்காரர். “இந்தப் பக்கோடாவில் வேர்க்கடலை போட்டீர்களா?” என்றால் இல்லை என்பார், அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சற்று முன்பு அதே சட்டியில் மிக்சருக்கு வேர்க்கடலை பொரிந்திருக்கும். எண்ணெய்க்கரண்டியை உற்றுப் பாருங்கள், துளையில் சிவந்த தோல் ஒட்டியிருக்கும்.

கேட்க வேண்டியது இது: “அண்ணே, இந்தச் சட்டியில் வேறு என்னவெல்லாம் பொரிப்பீர்கள்? என்ன எண்ணெய்?” கூட்டம் சேர்வதற்கு முன், மாலை நான்கு மணிவாக்கில் கேளுங்கள், பொறுமையாகப் பதில் வரும்.

எண்ணெயை ஏன் கேட்கிறோம் என்றால், ஒவ்வாமையைக் கிளப்புவது வேர்க்கடலையின் புரதம்; சுத்திகரித்த கடலை எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் ஆட்டியதில் தங்கிவிடும். ‘மரச்செக்குக் கடலை எண்ணெயில் செய்தது’ என்ற பலகையை ஊரே தேடிப் போகட்டும், நாம் எதிர்ப்பக்கம் நடப்போம். காசிமேட்டுப் பக்கம் மீன் பொரித்த எண்ணெயிலேயே பஜ்ஜியும் வேகலாம். மீன், இறால் ஆகாதவர்களுக்கும் இதே கேள்விதான்.

பாரிமுனையில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸை நான் முயல்வதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே கையால் பிசைந்து தருவதில் எதைப் பிரிக்கச் சொல்வது? சௌகார்பேட்டை இனிப்புக் கடைகளும் அப்படியே. பாலும் கொட்டையும் படாத மூலை அங்கே கிடையாது.

அவனுக்கு ஒத்துப்போவது வீட்டில் வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல். பொரியைக் கடையில் வாங்கலாம், ஆனால் வேர்க்கடலை அளந்த படியாலேயே பொரியையும் அளக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

படி 3: குடிப்பதற்கு

இளநீர், நுங்கு, கோலி சோடா. பழரசக் கடையில் பழத்தைவிட மிக்சி ஜாரைத்தான் பார்க்க வேண்டும். மில்க் ஷேக் அடித்த ஜாரைத் தண்ணீரில் ஓர் அலசு அலசிவிட்டுச் சாத்துக்குடி அடிப்பார்கள். கையால் பிழிந்த எலுமிச்சைச் சாறு கேளுங்கள், கரண்டியையும் கழுவச் சொல்லுங்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மருந்து எப்போதும் பையில் இருக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ உதடு, நாக்கு வீங்கினாலோ அதை உடனே கொடுத்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

பின்சேர்க்கை: கோதுமை ஆகாத ஒருவர், அரிசி முறுக்கு சாப்பிட்டும் தொந்தரவு வந்ததாக எழுதியிருந்தார். பெருங்காயத்தைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். முறுக்கு சுடுபவரிடம் பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்லிப் படித்துவிடுங்கள்.