கொடுத்தவர் மறுபடியும் கொடுக்க: மலையூர் அறக்கட்டளைகளுக்குச் சில நடைமுறைகள்

பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்காக இரண்டாவது ஆண்டு நன்கொடை கேட்கப் போயிருந்தேன். "தம்பி, போன வருசம் ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போனீங்க. புள்ளைங்க வந்து படிச்சுச்சா இல்லையான்னு ஒரு சேதி இல்ல. இப்ப ரசீதுப் புத்தகத்தோட மறுபடியும் வந்து நிக்கிறீங்க" என்றார். பணம் கொடுத்தார், ஆனால் முந்தைய ஆண்டு கொடுத்ததில் பாதிதான். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும். கீழ்ப் பழனி மலையில் சிறு அறக்கட்டளை நடத்துபவர்களுக்காக இதை எழுதும்போது, அந்த வாசலில் நான் செய்யாமல் போனவற்றையே முதன்மையாக மனத்தில் வைத்திருக்கிறேன்.

யாரிடமும் கேட்கப் போகுமுன் உங்கள் செலவை ஒரு குழந்தைக்கு, ஒரு மாதத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் செலவு 3,60,000 ரூபாய், பிள்ளைகள் 30 பேர் என்றால் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் ஆகிறது. இந்தக் கணக்கில் ஆசிரியர் ஊதியம், வாடகை, மின்கட்டணம், ஆடிட்டர் கட்டணம் எல்லாமே அடங்க வேண்டும். நோட்டுக்கும் பேனாவுக்கும் மட்டும் கணக்குச் சொல்லிவிட்டு, வாங்கிய பணத்தில் வாடகை கட்டுவது என்றாவது ஒருநாள் கேள்வியாகத் திரும்பி வரும். வாடகையும் படிப்புச் செலவுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது பதிவேடு. திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு மொய் நோட்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஊர், பெயர், தொகை எழுதப்பட்ட அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்காமல் யாரும் அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் புறப்படுவதில்லை. நன்கொடை மொய் அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடனும் அதில் இல்லை. ஆனால் அந்த நோட்டின் ஒழுங்கு நமக்கு வேண்டும். தொகையோடு, அவரை நமக்கு அறிமுகம் செய்தவர் யார், எதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது, எந்த மாதத்தில் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது, கடைசியாக எப்போது பேசினோம் என்பவற்றையும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். கணினியில் வைத்தாலும் சரி, நீள நோட்டில் வைத்தாலும் சரி, ஒருவருடைய நினைவில் மட்டும் வைத்திருப்பதுதான் ஆபத்து.

மலையில் கேட்கும் காலம் முக்கியமானது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காப்பியும் மிளகும் விற்றுக் கையில் பணம் புழங்குவது மாசி, பங்குனி வாக்கில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலை சரிந்து, பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயியிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டினால், கொடுக்க மனமிருந்தும் இல்லையென்று சொல்லும் சங்கடத்தை நாமே அவருக்கு உண்டாக்குகிறோம். சம்பளக்காரர்களுக்கு மார்ச் 31 ஒரு கெடு. கொடைக்கானலில் பங்களா வைத்துக்கொண்டு சென்னையிலும் மதுரையிலும் வசிப்பவர்கள் சித்திரை, வைகாசியில் மேலே வருவார்கள், ஆனால் விருந்தினர் கூட்டத்தோடு வருவார்கள். அப்போது வணக்கம் சொல்லி அறிமுகமாகிக்கொள்வதோடு நிறுத்திவிட்டு, அவர்கள் ஊர் திரும்பிய பிறகு எழுதுவதே மேல்.

நேரில் கேட்கும்போது தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "உங்களால் முடிந்ததை" என்பது பணிவாகத் தோன்றினாலும், எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று அவரைத் தடுமாற வைக்கும் சொல் அது. "இரண்டு பிள்ளைகளின் மூன்று மாதச் செலவு 6,000 ரூபாய், அதை நீங்கள் ஏற்க முடியுமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே தொகையைக் குறைத்துவிடுகிறோம். நான் பலமுறை குறைத்திருக்கிறேன்.

பணம் வந்த மூன்று நாளுக்குள் ரசீதும், கையால் எழுதிய நான்கு வரி நன்றியும் போக வேண்டும். கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி பெற்ற அறக்கட்டளை என்றால் கொடுப்பவரின் பான் எண்ணையும் முகவரியையும் அப்போதே வாங்கிவிடுங்கள். நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள், யார் எவ்வளவு கொடுத்தார் என்று வருமான வரித் துறைக்குச் சொல்லும் 10பிடி அறிக்கையைத் தாக்கல் செய்து, அவருக்கு நன்கொடைச் சான்றான 10பிஇ சான்றிதழைத் தர வேண்டும். அறிக்கை தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிச்சலுகை கிடையாது என்பதை வாங்குமுன் சொல்வது நம் கடமை. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்த தனிநபர்களுக்கும் இந்தச் சலுகை இல்லாததால், வரிச்சலுகையையே முன்னிறுத்திக் கேட்பது இப்போது பலரிடம் எடுபடாது. 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் இந்தப் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீது அச்சடிக்குமுன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். பேக்கரியில் உண்டியல் வைப்பது பற்றியும் அவரிடமே கேளுங்கள், ஏனெனில் பெயரும் முகவரியும் பதிவாகாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் 30 விழுக்காடு வரி உண்டு.

இந்த மலையில் இன்னொரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1845 முதல் அமெரிக்க மிஷனரிகள் வந்து தங்கிய ஊர் கொடைக்கானல். 1901இல் தொடங்கிய சர்வதேசப் பள்ளியின் பழைய மாணவர்கள் இன்றும் பல நாடுகளிலிருந்து வந்து போகிறார்கள். நம் பணியைப் பார்த்து நெகிழ்ந்து அவர்கள் டாலரைக் கையில் திணிக்கலாம். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ்ப் பதிவோ முன்னனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. பதிவு பெற்றவர்களும் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கின் வழியாகவே பெற வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டத்தில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பெயரையும் பேச்சையும் வைத்து முடிவு செய்யாமல் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று தயங்காமல் கேளுங்கள். மறுக்க நேர்ந்தால் சட்டத்தைச் சொல்லி மறுங்கள், மனத்தாங்கல் வராது.

இனி, நான் தவறிய இடம். ஒருமுறை வாங்கியதற்கும் மறுமுறை கேட்பதற்கும் இடையில், பணம் கேட்காத சேதி இரண்டு முறையாவது போக வேண்டும். சேதி என்றால் வழவழத் தாளில் ஆண்டறிக்கை வேண்டாம். ஆடியில் ஒரு வாட்ஸாப் குரல்பதிவு, பொங்கலுக்குப் பிள்ளைகள் எழுதிய அஞ்சலட்டை, இவை போதும். கெட்ட சேதியை மறைக்காமல் எழுதுவதற்குத்தான் துணிவு வேண்டியிருக்கிறது. ஓர் ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் எங்கள் படிப்பகக் கூரை ஒழுகி, புதிதாக வாங்கிய கதைப் புத்தகங்களில் பாதி நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டன. ஓடு மாற்ற வேண்டும் என்று ஆவணியிலேயே தெரிந்திருந்தும் தள்ளிப்போட்டது என் தவறு. அதையும், மிஞ்சியவை எவ்வளவு, இனி என்ன செய்யப்போகிறோம் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி, புத்தகத்துக்குப் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்பினேன். அதில் பணம் கேட்கவில்லை. இருவர் கடிந்துகொண்டார்கள். ஒருவர், மதுரையில் ஓட்டுக்கடை வைத்திருக்கும் தம் மைத்துனரின் தொலைபேசி எண்ணைத் தந்தார். நல்லதை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அப்படி யாரும் உரிமையோடு திட்டியதுமில்லை, உதவியதுமில்லை.

இந்த மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது கிழிந்த சட்டையையும் மூக்கொழுகும் முகத்தையும் படமெடுத்து அனுப்பாதீர்கள். பெற்றோரிடம் கேட்காமல் எந்தப் படமும் வேண்டாம். அந்தப் படத்தை நாளை அதே பிள்ளை தன் கைப்பேசியில் பார்க்கும் என்று எண்ணிக்கொண்டால் எதை அனுப்பலாம் என்பது தானாகவே விளங்கும். நன்கொடையாளர் நேரில் வர விரும்பினால், மலைப்பாதை வாகனங்களால் திணறும் கோடையைத் தவிர்த்துத் தை, மாசியில், வத்தலகுண்டிலிருந்து தாண்டிக்குடி வரும் சாலை வழியாக வரச் சொல்லுங்கள். அவருக்காக வரவேற்பு நடனம் ஏற்பாடு செய்யாமல், வழக்கமான வகுப்பில் ஓரமாக உட்கார வையுங்கள்; ஒரு பிள்ளைக்கு அவர் வாய்ப்பாடு கேட்டால் அதுவே போதும். பெயர் பொறித்துக்கொள்ளும் விஷயத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு: பெஞ்சில் 'உபயம்' எழுதினால் மகிழ்பவரும் இருக்கிறார், கூசிப்போய் விலகுபவரும் இருக்கிறார். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும். அதைப் பெற நமக்கு, நிறுவன விவகார அமைச்சகத்தில் செய்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். முயலுங்கள், ஆனால் அதை நம்பி ஆசிரியரை நியமிக்காதீர்கள். திட்டக்காலம் முடிந்தால் அந்த நிதி நின்றுவிடும், மாதம் 200 ரூபாய் அனுப்பும் நாற்பது பேரில் ஒரே நாளில் எல்லோரும் நிற்பதில்லை.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் வேலையை விட்டு மலையிறங்கும்போதுதான் பழைய நன்கொடையாளர்கள் அதிகம் கைவிட்டுப் போகிறார்கள். புதியவரிடம் நோட்டைக் கொடுத்தால் மட்டும் போதாது. முதல் பத்து வீடுகளுக்காவது பழையவர் உடன் போய், "இனிமேல் இவங்கதான் வருவாங்க" என்று சொல்லி வர வேண்டும். எங்கள் புதிய ஒருங்கிணைப்பாளரை அழைத்துக்கொண்டு வரும் பங்குனியில் நானும் புறப்பட வேண்டும். பண்ணைக்காட்டுப் பெரியவர் பெயருக்கு எதிரே "மிளகு விற்ற பிறகு, முதலில் பிள்ளைகளின் சேதி" என்று எழுதிவைத்திருக்கிறேன்.