டியூப்லைட் பட்டையும் ஃப்ரிட்ஜ் சாவியும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பாட்டி வீட்டு அடுப்படியில்தான் எங்கள் கல்லூரிக் குறும்படத்தை எடுத்தோம். கணினியில் போட்டுப் பார்த்தால் சுவரெல்லாம் கறுப்புப் பட்டை ஊர்கிறது! இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். எங்கள் கேமராவின் ஷட்டரோ, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (படத்துக்கும்) ஒளியை உள்ளே விடும் நேரம், 1/60 நொடி. அதற்குள் மினுங்கல்கள் முழுதாக அடங்கவில்லை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றியதும் பட்டை போயே போச்சு. இரண்டு நாள் உழைப்பு வீண்தான். இப்போதெல்லாம் பத்து நொடி எடுத்துப் பெரிய திரையில் பார்த்த பிறகே மற்றது.

அடுத்தது ஃப்ரிட்ஜ் இரைச்சல். அணைத்தோம், திரும்பப் போட மறந்தோம். மீன் குழம்பு கெட்டு, பாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஃப்ரிட்ஜை அணைத்ததும் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் எப்படிக் கிளம்புவீர்கள்?