பாட்டு ஓடும்போது நினைவகத்தில் நடப்பது என்ன? லினக்ஸில் நேரில் பாருங்கள்

சவுண்ட் டிரைவர் ஒலியை அள்ளி அள்ளி சவுண்ட் கார்டுக்கு ஊட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பாட்டு தொடங்கிவிட்டால் அதற்கு வேலை கொஞ்சம்தான். நினைவகத்திலிருந்து தரவை எடுத்துக்கொள்வது கார்டேதான். டிஎம்ஏ (நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) வழியாக, சிபியூவைத் தொந்தரவு செய்யாமல். டிரைவர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் கணக்கு பார்க்கிறது. அந்தக் கணக்கை நாமும் எட்டிப் பார்க்கலாம்.

படி 1: இடம் எவ்வளவு?

ஒரு பாட்டை ஓடவிடுங்கள். டெர்மினலில் ப்ராக், அசவுண்ட், கார்டு0, பிசிஎம்0பி, சப்0 என்று வரிசையாக அடைவுக்குள் இறங்குங்கள். (பிசிஎம்0பி-யின் கடைசி எழுத்து ப்ளேபேக்கைக் குறிக்கிறது. மைக் என்றால் அங்கே 'சி' இருக்கும்.) அங்குள்ள 'ஹெச்டபிள்யூ பாராம்ஸ்' கோப்பைத் திறங்கள். 'க்ளோஸ்ட்' என்று மட்டும் வந்தால், ஒலி வேறு கார்டு அல்லது வேறு பிசிஎம் வழியே போகிறது. அடுத்த எண்ணைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, வேகம் விநாடிக்கு 48000 ஃப்ரேம், இரண்டு சானல், 16 பிட், பஃபர் (ஒலிக்கு ஒதுக்கிய மொத்த இடம்) 4096 ஃப்ரேம், பீரியட் (அதன் ஒரு பகுதி) 1024 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃப்ரேம் என்பது ஒரு கணத்தில் எல்லா சானல்களுக்குமான ஒலி அளவு; இங்கே 4 பைட். ஆக மொத்த இடம் 16384 பைட், சுமார் 85 மில்லி விநாடி ஒலி. அவ்வளவுதான்! முழுப் பாட்டும் இந்தச் சின்ன இடத்தில் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றித்தான் போகிறது.

படி 2: கார்டுக்கு முகவரி எப்படித் தெரியும்?

இன்டெல் ஹெச்டி ஆடியோவில் டிரைவர் ஒரு பட்டியல் எழுதி வைக்கும். ஒவ்வொரு வரியும் 16 பைட்: நினைவக முகவரி, நீளம், 'இதை முடித்ததும் கூப்பிடு' என்ற குறி. முகவரிகள் அடுத்தடுத்து இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கடைசி வரி முடிந்ததும் கார்டு முதல் வரிக்குத் திரும்பிவிடும்.

படி 3: இரண்டு முள்கள்

இதுதான் முக்கியம். பஃபரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கடிகார முள் மாதிரி காட்டும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அதே அடைவில் 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து பாருங்கள். 'ஹெச்டபிள்யூ பிடிஆர்' கார்டு படித்த இடம். 'ஆப்ல் பிடிஆர்' நிரல் எழுதிய இடம். முதலாவது 481280, இரண்டாவது 484352 என்றால் வித்தியாசம் 3072 ஃப்ரேம். அதாவது 64 மில்லி விநாடி ஒலி கையிருப்பில் இருக்கிறது. இந்த எண்கள் பஃபரின் அளவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். உண்மையான இடம் வேண்டுமென்றால் 4096-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 481280-க்கு மீதி 2048, அதாவது கார்டு பஃபரின் சரிபாதியில் நிற்கிறது.

பொதுவாக, ஒரு பீரியட் முடிந்ததும் கார்டு சிபியூவுக்கு இண்டரப்ட் (கவனி என்ற சைகை) அனுப்பும். டிரைவர் முள்ளைப் புதுப்பித்து, தூங்கும் நிரலை எழுப்பும். நிரல் அடுத்த 1024 ஃப்ரேமை நிரப்பும். பைப்வயர், பல்ஸ்ஆடியோ போன்ற ஒலிச் சேவை நிரல்கள் இண்டரப்டுக்குக் காத்திராமல் டைமரை நம்புவதும் உண்டு.

படி 4: கரகரப்பு வந்தால்

நிரல் தாமதித்து, கார்டின் முள் அதை எட்டிப்பிடித்துவிட்டால் 'எக்ஸ்ரன்'. வழக்கமான அமைப்பில் ஆல்சா (லினக்ஸ் கர்னலின் ஒலிப் பகுதி) அப்போது ஒலியை நிறுத்திவிடும். நிரல்தான் மறுபடி தயார்ப்படுத்தித் தொடங்கவேண்டும். நம் காதில் விழும் 'டிக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பஃபரைக் கூட்டினால் இது குறையும், ஆனால் தாமதமும் ஏறும். பாட்டு கேட்க 85 மில்லி விநாடி பரவாயில்லை. கீபோர்டு வாசிக்கிறவருக்கு அது தாங்காது. 128 ஃப்ரேம் பீரியட் இரண்டு வைத்தால் 5 மில்லி விநாடி சொச்சம்தான், ஆனால் விநாடிக்கு 375 இண்டரப்ட். பழைய லேப்டாப் என்றால் 256 ஃப்ரேம் பீரியட்டில் தொடங்கி, எக்ஸ்ரன் வராதவரை குறைத்துக்கொண்டே போங்கள்.