ஆங்கில வாக்கியத்தில் எழுவாயையும் வினையையும் பொருத்துவது எப்படி

ஹட்டனுக்கு அருகே, மாலை வகுப்பொன்றில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். கடந்த மழைக்காலத்தில் தங்கள் வீட்டைப் பற்றிச் சில வாக்கியங்கள் எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி 'தி ரூஃப் ஒஃப் தி லைன் ரூம்ஸ் லீக்' என்று எழுதியிருந்தாள். லயத்துக் கூரை, அதாவது தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளின் கூரை, ஒழுகுகிறது என்பதே அவள் சொல்ல வந்தது. 'லீக்ஸ்' என்று முடித்திருக்க வேண்டும். காரணம் கேட்டதற்கு, "ரூம்ஸ் என்பது பன்மைதானே, டீச்சர்" என்றாள். விதி அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எழுவாயைத் தேடிய இடத்தில்தான் பிசகிவிட்டாள்.

இந்தப் பிசகுக்கு நம் மொழிப் பழக்கமே காரணம் என்பதால், அதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. 'லயங்களின் கூரை ஒழுகுகிறது' என்னும்போது, எழுவாயாகிய 'கூரை' வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதை விவரிக்கும் சொற்கள் எத்தனை இருந்தாலும் அவை முன்னால் வந்துவிடுகின்றன. ஆங்கிலத்திலோ 'ரூஃப்' முதலில் வந்து, 'ஒஃப்' என்ற சொல்லுக்குப் பின்னால் விவரிப்பு தொடர்வதால், வினைக்கு மிக அருகில் நிற்பது பெரும்பாலும் எழுவாயாக இருப்பதில்லை. வினைக்கு இடப்பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பழகிய நம் கண் 'ரூம்ஸ்' என்பதில் போய் நின்றுவிடுகிறது. ஆகையால் 'ஒஃப்', 'இன்', 'ஒன்', 'வித்', 'ஹூ' போன்ற சொற்களில் தொடங்கும் பகுதியைப் பென்சிலால் மெல்ல அடைப்புக்குள் போட்டுவிட்டு, மீதியை வாசித்துப் பாருங்கள். 'தி ரூஃப் லீக்ஸ்' என்று தானாகவே வரும். 'தி விமன் ஹூ வோர்க் ஒன் தட் ஹில் கம் ஹோம் அட் ஃபைவ்' என்ற நீளமான வாக்கியத்திலும், அடைப்புக்குள் போனது போக 'தி விமன் கம் ஹோம்' என்பதே மிஞ்சும். 'ஹில்' ஒருமை என்பதற்காக 'கம்ஸ்' என்று எழுதினால் பிழையாகும்.

'வன் ஒஃப் மை சிஸ்டர்ஸ் டீச்சஸ் இன் பதுளை' என்பதையும் இப்படியே பாருங்கள். அக்காமார் பலர் இருக்கலாம், படிப்பிப்பவர் ஒருவரே. எழுவாய் 'வன்'.

அடிப்படை விதி சிறியது. நிகழ்காலத்தில், படர்க்கை ஒருமை எழுவாய்க்கு மட்டும் வினையின் இறுதியில் எஸ் அல்லது ஈஎஸ் சேரும்: 'ஷீ ப்ளக்ஸ்', 'ஹீ கோஸ்'. 'ஐ', 'யூ', 'வீ', 'தே' ஆகியவற்றுக்குச் சேராது. பெயர்ச்சொல்லில் எஸ் சேர்ந்தால் அது பன்மை, வினைச்சொல்லில் சேர்ந்தால் அது ஒருமை என்ற முரண்தான் பிள்ளைகளைக் குழப்புகிறது. ஆகவே எழுவாயிலும் வினையிலும் சேர்ந்தாற்போல் எஸ் கண்டால் ஒருமுறை நின்று யோசியுங்கள். 'பஸ்' போல இயல்பாகவே அந்த எழுத்தில் முடியும் சொற்களும், 'சில்ட்ரன்' போல அது இல்லாமலே பன்மையாகும் சொற்களும் இதற்கு விலக்கு. இறந்தகாலத்தில் 'வொஸ்', 'வேர்' இரண்டைத் தவிர வேறெந்த வினையும் எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை. 'கேன்', 'வில்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகளும் மாறாதவை. கேள்வியிலும் எதிர்மறையிலும் அந்த எஸ் 'டஸ்' என்பதற்கு இடம்பெயர்ந்துவிடுவதால், 'டஸ் ஷீ ப்ளக்ஸ்' என்று இரண்டு முறை போடக்கூடாது. 'டஸ் ஷீ ப்ளக்' என்பதே சரி.

தமிழ் நமக்குத் துணைநிற்கும் இடமும் உண்டு, அதை நான் வகுப்பில் மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவேன். 'அக்காவும் தம்பியும் வந்தார்கள்' என்கிறோம்; 'அக்காவுடன் தம்பி வந்தான்' என்கிறோம். 'உம்' இருவரையும் எழுவாயாக்குகிறது, 'உடன்' ஆக்குவதில்லை. ஆங்கிலத்திலும் 'அண்ட்' பன்மையைத் தரும். 'வித்', 'அலோங் வித்', 'அஸ் வெல் அஸ்' தரமாட்டா. 'மை மதர் அண்ட் மை ஆன்ட் ப்ளக் டீ', ஆனால் 'மை மதர், அலோங் வித் மை ஆன்ட், ப்ளக்ஸ் டீ'. இதைத் தமிழில் பிழையின்றிப் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் புதிதாகக் கற்பிக்க ஏதுமில்லை, நினைவூட்டினால் போதும்.

ஆனால் தமிழின் வேறு இரண்டு பழக்கங்களை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒன்று மரியாதை. 'அதிபர் வருகிறார்' என்பதில் உள்ள 'ஆர்' விகுதி ஒருவரையே குறித்தாலும் பன்மையின் மதிப்பைத் தருகிறது. ஆங்கிலத்தில் அந்த வழக்கம் இல்லாததால், அதிபரானாலும் டாக்டரானாலும் ஒருவர் ஒருவரே: 'தி பிரின்சிபல் இஸ் கமிங்'. 'இஸ்' என்பதற்குப் பதில் ஆங்கில 'ஆர்' என்று எழுதுவதால் மரியாதை அதிகமாகாது, பிழைதான் கூடும். மற்றது அஃறிணைப் பன்மை. 'மாடு ரெண்டு மேயுது' என்று ஒருமை வினையால் பேசிப் பழகியவர்கள் 'டூ கவ்ஸ் இஸ் கிரேஸிங்' என்று எழுதுகிறார்கள். எழுத்துத் தமிழில் 'மேய்கின்றன' என்று வருவதை நினைத்துக்கொண்டால் 'ஆர்' என்பது தவறாது.

'தெயர் இஸ்', 'தெயர் ஆர்' என்று தொடங்கும் வாக்கியங்களில் எழுவாய் வினைக்குப் பின்னால் வருவதால், எழுதுமுன் இரண்டு சொல் தாண்டிப் பார்க்க வேண்டும்: 'தெயர் இஸ் எ கோவில் இன் அவர் எஸ்டேட்', 'தெயர் ஆர் டூ ஸ்கூல்ஸ் நியர் தலவாக்கலை'.

சில சொற்களை அப்படியே மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'எவ்ரிவன்', 'ஈச்', 'நோபடி' ஆகியவை பலரை நினைவூட்டினாலும் ஒருமை. 'நியூஸ்', 'மெதமெட்டிக்ஸ்' எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. 'பீப்பிள்', 'பொலிஸ்' எஸ் இல்லாவிட்டாலும் பன்மை. தமிழில் 'தகவல்கள்' என்று சொல்வதால் 'இன்ஃபோமேஷன்ஸ் ஆர்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பன்மையே கிடையாது. எடை, தூரம், பணம் ஆகியவற்றை ஒரே அளவாக எண்ணும்போது ஒருமையே வரும் என்பதால், 'எயிட்டீன் கிலோஸ் இஸ் எ ஹெவி லோட்' என்பது சரியான வாக்கியம். 'ஃபேமிலி', 'டீம்' போன்றவற்றுக்குப் பிரித்தானிய ஆங்கிலத்தில் இரண்டும் வழங்கும். ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். 'நைதர்', 'நோர்' வரும்போது, இதுவரை சொன்னதற்கு மாறாக, வினைக்கு அருகிலுள்ள பெயரையே பார்க்க வேண்டும்: 'நைதர் தி கங்காணி நோர் தி பிளக்கர்ஸ் வேர் தெயர்'.

எழுதி முடித்த கட்டுரையைத் திருத்தும்போது, பொருளுக்காக ஒருமுறை வாசித்தபின், வினைகளை மட்டும் தேடி இன்னொருமுறை வாசியுங்கள். ஒவ்வொரு வினையின் கீழும் கோடிட்டு, 'யார்?' அல்லது 'எது?' என்று கேட்டு, விடையாக வரும் ஒரே சொல்லை வட்டமிட்டு, இரண்டையும் ஓர் அம்பினால் இணையுங்கள். அந்த மாணவியும் இவ்வாறே செய்தாள். அம்பு 'ரூம்ஸ்' என்ற சொல்லைத் தாண்டி 'ரூஃப்' வரை போனதும், நான் எதுவும் சொல்லாமலே 'லீக்' என்பதன் பின்னால் எஸ் எழுத்தைச் சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.