பாரிசுக்குக் கிளம்பும் பாண்டிக்காரர்களுக்கு: பெட்டி கட்டும் முன் தீயைப் பற்றியும் கொஞ்சம்

விடுமுறைக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் பாரிசு புறநகருக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறான். குளிர், ஸ்வெட்டர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டான், தீயைப் பற்றிக் கேட்கவில்லை. போன புதிதில் நானும் கேட்கவில்லை. யாரோ வேண்டுமென்றே வைக்கிற தீயைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் கீற்றுக் கொட்டகை பற்றினால் ஒரே வழி, வெளியே ஓடுவது. அந்தப் பழக்கத்தை அடுக்குமாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். 2005 செப்டம்பரில் பாரிசுக்குத் தெற்கே லாயி-லே-ரோஸ் என்ற ஊரில் ஒரு கட்டடத்தின் கீழே, சின்னப் பெண்கள் சிலர் தபால் பெட்டியில் கொளுத்திப் போட்டது 18 உயிரைக் குடித்தது. தப்பிக்கலாம் என்று கதவைத் திறந்து வெளியே வந்து புகையில் சிக்கியவர்கள் பலர். ஆகவே படிக்கட்டில் புகை இருந்தால் உள்ளேயே இருங்கள், கதவைச் சாத்தி அடி இடுக்கில் ஈரத்துண்டை அடைத்துவிட்டு, சன்னலில் நின்று கையை ஆட்டுங்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே தீ என்றால்தான் வெளியேற வேண்டும், அப்போதும் கதவைச் சாத்திவிட்டு, லிஃப்ட் பக்கமே போகாமல்.

தீயணைப்புக்கு இங்கே 101, அங்கே 18, இல்லையென்றால் 112. காது கேளாதவர், பேச முடியாதவர் 114க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பொம்பியே, அதாவது தீயணைப்பு வீரர்கள், வந்து சேர முகவரி வேண்டுமே, அதனால் வீட்டு எண், தெரு, ஊர், எத்தனையாவது மாடி என்பதைப் பிரெஞ்சில் வீட்டில் எல்லாரும் சொல்லிப் பழகுங்கள், அம்மாவும்தான்.

அப்புறம் நம் திண்ணைப் புத்தி. செருப்பு ஸ்டாண்டு, குழந்தை வண்டி, அரிசி வந்த அட்டைப்பெட்டி, பழைய மெத்தை எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே தள்ளிவிடுவோம். தீ வைக்க வருகிறவன் பெட்ரோலோடுதான் வருவான் என்று இல்லை, அங்கே கிடப்பதையே பற்றவைப்பான். தபால் பெட்டியில் விளம்பரத் தாளைச் சேரவிடாதீர்கள், கீழ்க்கதவு தானாகப் பூட்டாவிட்டால் கார்தியனிடம் (கட்டடக் காவலாளி) எழுத்தில் சொல்லுங்கள். பாரிசில் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷபேல் பகுதியில் வேலைக்குச் சேருகிறவர்களும் ராத்திரி அட்டைகளை வெளியே அடுக்கிவைக்காதீர்கள்.

புகை எச்சரிக்கைக் கருவி 2015 மார்ச் 8 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். வீட்டுக்காரர் மாட்டித் தர வேண்டும், சோதிப்பதும் பேட்டரி மாற்றுவதும் நம் வேலை. மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று கழற்றி வைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுப்படியை விட்டுத் தள்ளி, படுக்கையறைகளுக்குப் போகிற நடையில் மாட்டுங்கள், போதும்.

கார் வேறு கதை. நமக்குப் பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 என்றால் சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்த) தாத்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போகிற நாள், அங்கே அந்த இரவிலும் டிசம்பர் 31 இரவிலும் தெருவில் நிற்கிற கார்களைக் கொளுத்துகிறார்கள். என் மச்சானின் கார் அப்படித்தான் எரிந்தது, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்ததால் ஒரு சல்லிக்காசு வரவில்லை. கார் காப்பீட்டில் தீயையும் சேர்த்துப் போடுங்கள். வாடகை வீட்டுக்கு அஸ்யூரான்ஸ் (காப்பீடு) எப்படியும் கட்டாயம். எரிந்தால் உடனே போலீசில் புகார், 5 வேலை நாளுக்குள் காப்பீட்டுக்காரருக்குத் தகவல். பொருள்களின் படமும் ரசீதும் கைபேசியில் மட்டும் இல்லாமல் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

பாண்டி வீட்டுப் பத்திரத்தின் அசலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தம்பி பெட்டியில் வைத்திருந்தான், எடுக்கச் சொல்லிவிட்டேன்.