வீட்டில் ரீலோடிங்: சின்னச் சின்ன பாகங்களை எங்கே தேடுவது?

சுட்ட தோட்டாவின் காலி உறையில் புது பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் குட்டி மூடி), பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் ரீலோடிங். போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை. கழுவிக் காயவைத்த 9 மி.மீ. பித்தளை உறைகள் முந்நூறு மேசைமேல் இருந்தன. இருபதோ இருபத்தொன்றோ முடிந்திருக்கும், பிரஸ்ஸின் (இந்த வேலையைச் செய்யும் கை இயந்திரம்) கைப்பிடி லேசாக நெருடியது. நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும், நான் அழுத்திவிட்டேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். பழைய பிரைமரை வெளியே தள்ளும் ஊசி முறிந்துவிட்டது. உறையைக் கவிழ்த்துத் தட்டியதும் பயறளவு சரளைக்கல் ஒன்று விழுந்தது. துப்பாக்கி சுடும் ரேஞ்சில் தரையிலிருந்து பொறுக்கிய உறை, அதற்குள் தரையும் கொஞ்சம் சேர்ந்தே வந்திருக்கிறது. மாற்று ஊசி என்னிடம் இல்லை. ஒரு காபி விலைதான் அந்த ஊசி. அது தபாலில் வந்து சேரும்வரை ஐந்து நாள் மொத்த வேலையும் நின்றது.

ரீலோடிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பிரஸ் வாங்க மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சின்ன பாகங்களை நினைப்பதே இல்லை. இந்தப் பதிவு அதற்காகத்தான்.

முதலில் சட்டம். நான் இருப்பது டெக்சஸில். அமெரிக்க மத்திய சட்டப்படி சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்கப் போனால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாநில, நகர விதிகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

படி 1: உங்களிடம் இருப்பதை எழுதி வையுங்கள்

பிரஸ்ஸின் பெயர், மாடல், டை (பிரஸ்ஸில் திருகிப் பொருத்தும் அச்சு) எந்த கம்பெனி, எந்த காலிபர் (தோட்டா அளவு). இவற்றை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். பிரஸ்ஸோடு வந்த கையேட்டில் எல்லாப் பாகங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்ட படம் இருக்கும். அந்தப் பக்கத்தைத் தொலைத்துவிடாதீர்கள். கடையில் ‘அந்தக் குட்டி ஸ்பிரிங்’ என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. எண்ணைச் சொன்னால்தான் சரியான பாகம் கைக்கு வரும்.

இந்த எண்களில் ஒரு பொறி இருக்கிறது. உறையின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டருக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எண் வைத்திருக்கிறது. அதே 9 மி.மீ. உறைக்கு ஆர்.சி.பி.எஸ்.ஸில் 16, லீயில் 19, ஹார்னடியில் 8. எண்ணை மட்டும் பார்த்து வேறு கம்பெனியின் ஹோல்டரை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. டைகளில் இந்தத் தொல்லை குறைவு. 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை என்பது பெரும்பாலான பிரஸ்களுக்குப் பொது. டில்லன் கம்பெனியின் ஸ்கொயர் டீல் பிரஸ் ஒரு விதிவிலக்கு, அதற்கு அதன் சொந்த டைகள்தான் பொருந்தும். பழைய ஸ்கொயர் டீல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

படி 2: எது எங்கே கிடைக்கும் என்று பிரியுங்கள்

என்னைப் பொறுத்தவரை முக்கியமான படி இதுதான். பாகங்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை.

ஓ-ரிங், செட் ஸ்குரூ, நட்டு, வாஷர் போன்றவை பக்கத்து ஹார்டுவேர் கடையின் இழுப்பறைகளிலேயே கிடைக்கும். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அளக்க ஒரு காலிப்பர் (விட்டம் அளக்கும் கருவி) போதும், அதுவும் ரீலோடிங்குக்கு எப்படியும் வேண்டிய கருவிதான். உறைகளை மெருகேற்றும் வால்நட் ஓட்டுத்தூளுக்கு ரீலோடிங் கடைக்கே போக வேண்டாம். செல்லப்பிராணிக் கடையில் பல்லி, ஓணான் வளர்ப்பவர்களுக்குக் கூண்டில் விரிக்க இதே தூளைப் பை பையாக விற்கிறார்கள். துணி உலர்த்தியில் போட்டு எடுத்த பழைய டிரையர் ஷீட்டைத் துண்டு போட்டு டம்ளருக்குள் (உறைகளைத் தூளோடு போட்டு மெருகேற்றும் இயந்திரம்) சேர்த்தால் தூசியை அது பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பிரைமர் போகும் வழியில் இருக்கும் எந்தப் பாகத்துக்கும் ஹார்டுவேர் கடை மாற்று வேண்டாம். பிரைமர் குழாய், அதன் நுனி, பிரைமரை ஏந்தி மேலே தள்ளும் பஞ்ச், இவையெல்லாம் பிரஸ் கம்பெனியின் அசல் பாகங்களாகவே இருக்கட்டும். அடிபட்டால் வெடிப்பதுதான் பிரைமரின் வேலையே. குழாயில் நூறு பிரைமர் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்போது, ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து வெடிக்கலாம். டில்லன் பிரஸ்ஸில் பிரைமர் குழாயைச் சுற்றி ஒரு தடித்த இரும்பு உறை இருப்பது அதனால்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பிரஸ் முன்னால் உட்காராதீர்கள்.

படி 3: உடையும் முன்பே வாங்கி வையுங்கள்

ஊசி மூன்று, பிரைமர் குழாய்க்கு நுனி இரண்டு, பிரைமரைத் தள்ளும் பஞ்ச்சுக்கு ஒரு ஸ்பிரிங். டில்லன் 550 பிரஸ் வைத்திருப்பவர்கள் உறை நழுவாமல் நிறுத்தும் பித்தளைக் குமிழ்களில் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவை தரையில் விழுந்து உருண்டால் கிடைப்பது கஷ்டம். 550-க்கு ஆயுள்கால உத்தரவாதம் உண்டு, கம்பெனிக்கு போன் போட்டு எண்ணைச் சொன்னால் தேய்ந்த பாகத்தை அனுப்பிவிடுவார்கள். லீயின் டையில் ஊசி ஒரு கோலட்டின் (சுற்றி இறுக்கும் வளையம்) பிடியில் இருக்கிறது; அழுத்தம் மிஞ்சினால் முறியாமல் மேலே வழுக்கிவிடும். புதியவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

மீன்பிடிப்பவர்கள் தூண்டில் முள் வைக்கும் தடுப்புப் பெட்டி ஒன்று வாங்கி, ஒவ்வொரு அறையிலும் பாக எண்ணை எழுதி ஒட்டினேன். அதுதான் இப்போது என் உதிரிப்பாகக் கடை.

படி 4: பிரைமரும் பவுடரும்

சிறிய பிஸ்டல் பிரைமரின் விட்டம் 0.175 அங்குலம், பெரியது 0.210. 9 மி.மீ.க்குச் சிறியது, .45 ஏ.சி.பி.க்குப் பெரியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சிறிய பிரைமர் போடும் .45 உறைகளும் சந்தையில் உண்டு. ரேஞ்சில் பொறுக்கிய குவியலில் இரண்டும் கலந்தே இருக்கும். வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் அடியையும் பார்த்துப் பிரித்த பிறகே பிரஸ்ஸில் போடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் என்று ஒரு தொகை தனியாகச் சேரும். நூறு பிரைமர் வாங்கினாலும் ஐயாயிரம் வாங்கினாலும் பெரும்பாலும் அதே தொகைதான். அதனால் பவுடரையும் பிரைமரையும் ஒரே கடையில், ஒரே ஆர்டரில் வாங்குங்கள். அல்லது இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். கொஞ்சமாக வேண்டுமென்றால் உள்ளூர் துப்பாக்கிக் கடையே மலிவு. 2020-இல் வந்த தட்டுப்பாட்டில் பிரைமர் கிடைக்காமல் பிரஸ்ஸுக்குத் துணி போட்டு மூடி வைத்தவர்கள் உண்டு, அதற்காக அறை நிறைய அடுக்கவும் வேண்டாம். தீத்தடுப்புக்கான என்.எஃப்.பி.ஏ. 495 விதித்தொகுப்பு, வீட்டில் 10,000 பிரைமர், அசல் டப்பாவில் 20 பவுண்டு பவுடர் என்று வரம்பு வைக்கிறது.

திறந்த பவுடர் டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது லேபிளில் உள்ளதுதானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரைமரைக் கம்பெனிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடி ஜாடியில் கொட்டி வைப்பது இன்னும் ஆபத்து. எத்தனை கிரெயின் (எடை அலகு) பவுடர் என்ற கணக்கை நான் இங்கே எழுதவில்லை. அதைப் பவுடர் கம்பெனியோ குண்டு கம்பெனியோ வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள்.

படி 5: உறை

ரேஞ்சில் கேட்டுவிட்டுப் பொறுக்கலாம். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் உறை அவர்களுக்கே சொந்தம். ஒரு காந்தத்தைக் குவியலில் ஓட்டினால் இரும்பு உறைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 9 மி.மீ. நடுவே .380 காலிபர் உறை ஒளிந்திருக்கும், உயரத்தைப் பாருங்கள். உறைக்குள் பார்க்கும்போது அடியில் ஒரு ஓட்டைக்குப் பதில் இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால் அது பெர்டன் வகை, ஊசியை முறிக்கும், ஒதுக்கிவிடுங்கள். ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றி ஒரு நெரிப்பு வளையம் இருக்கும். அதை ஸ்வேஜிங் கருவியால் விரித்தால்தான் புது பிரைமர் உட்காரும். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் மிசூரியின் ஸ்டார்லைன் புத்தம் புதிய உறைகளை விற்கிறது.

சுட்ட உறையிலும் டம்ளர் தூளிலும் ஈயம் இருக்கும். டம்ளரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

அப்புறம், கழுவி முடித்ததும் ஒவ்வொரு உறையையும் விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே ஒரு பார்வை பாருங்கள். முந்நூறு உறைக்குப் பத்து நிமிஷம் ஆகும். போன மாதம் அப்படிப் பார்த்ததில் இரண்டு கற்கள் கிடைத்தன. பெட்டியில் மூன்று ஊசியும் அப்படியே இருக்கின்றன.